செத்த எலியைத் தொடவே மாட்டேன் என்கிறது, உயிரோடு விட்டுவிடலாமா?

பிப்ரவரி 3, மாலை. வாசகர் கேள்வி

என் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் சிறு மலைப்பாம்பு) ஃப்ரீசரில் உறைய வைத்த செத்த எலியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. காட்டில் எந்தப் பாம்புக்கு யார் செத்த எலியை இடுக்கியில் பிடித்து நீட்டுகிறார்கள்? உயிருள்ள இரைதான் இயற்கை. இன்று ராத்திரி ஒரு பெரிய எலியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்று இருக்கிறேன். காலையில் வயிறு புடைத்திருக்கும். மறுப்பவர் இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

நான் மறுக்கிறேன். இயற்கை, செயற்கை விவாதம் நாளைக்கு இருக்கட்டும். இன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள்: எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பசியில்லாத பாம்பு எலியை எதிர்த்துத் தாக்காது. பலரும் நம்ப மறுப்பது இதைத்தான். பாம்பு வேட்டையாடும், எலி ஓடும், எலிக்கு ஆபத்து இருக்கலாம், பாம்புக்கு என்ன என்று நினைக்கிறோம். பால் பைத்தான் பயந்தால் தலையை உள்ளே வைத்துச் சுருண்டுவிடும், அவ்வளவுதான் அதன் தற்காப்பு. எலி அந்தச் சுருளின் வெளிப்பக்கத்தைக் கொறிக்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, கொறிக்காமல் அதனால் இருக்க முடியாது. தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஒரு பெட்டியில் ராத்திரி முழுக்க அடைபட்ட எலிக்கு முன்னால் சதையுள்ள ஒரே பொருள் உங்கள் பாம்பு.

என்னிடம் இருக்கும் பெண் பைத்தான் இப்படிக் கடிபட்டு வந்ததுதான். அதை முன்பு வைத்திருந்தவர் இரவில் எலியை விட்டிருக்கிறார், விடிந்து பார்த்திருக்கிறார். முதுகில் உள்ளங்கை நீளத்துக்குச் செதில் இல்லை. ஓரிடத்தில் முதுகெலும்பின் முனை வெள்ளையாகத் தெரிந்தது. கால்நடை மருத்துவர் அழுகிய சதையை நீக்கி, கட்டுப் போட்டு, நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைத் தொடர்ந்து போட்டுத்தான் காப்பாற்றினார். இன்றும் சட்டை உரிக்கும்போது தழும்பு இருக்கும் இடத்தில் மட்டும் பழைய தோல் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியில் வைத்து மெல்ல எடுத்துவிடுகிறேன். அந்தக் காயத்தைப் பார்த்த யாரும் எலியை விட்டுவிட்டு விளக்கை அணைக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 4

சரி, இயற்கைக்கு வருவோம்.

காட்டில் எலிக்கு ஓட இடம் இருக்கிறது, வளை இருக்கிறது. பாம்புக்கும் விலகிப் போக வழி இருக்கிறது. பைத்தான் பதுங்கியிருந்து பிடிக்கும் பாம்பு. இரை வரும் வழியில் அசையாமல் கிடக்கும், தோது அமைந்தால் பாயும், அமையாவிட்டால் விட்டுவிடும். கண்ணாடித் தொட்டி இந்த இரண்டு வாய்ப்பையும் எடுத்துவிடுகிறது. எலி தப்ப முடியாது, பாம்பும் தப்ப முடியாது. உயிருள்ள எலியை விட்டதாலேயே அந்தப் பெட்டி காடாகிவிடாது.

செத்ததைத் தின்பது இயற்கைக்கு விரோதம் என்பதும் சரியில்லை. காட்டில் பல இனப் பாம்புகள் தானாகச் செத்துக் கிடந்த இரையை விழுங்கியது பதிவாகியிருக்கிறது. பாம்புக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. ‘வேட்டையாடினால்தான் அதற்குத் திருப்தி’ என்பது நம் ஆசை என்றே நினைக்கிறேன். என் பாம்பு எனக்காகக் காட்சி நடத்த வேண்டியதில்லை.

பிப்ரவரி 4, பின்னிரவு

இன்னொருவர் கேட்டிருந்தார்: ‘சுற்றி இறுக்கினால் நொடியில் செத்துவிடுகிறதே, அதில் என்ன கொடுமை?’

நியாயமான கேள்வி, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். மூச்சுத் திணறிச் சாகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினோம். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த எலிகளை போவா பாம்புகள் இறுக்கியபோது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளந்து பார்த்தார்கள். சில நொடிகளிலேயே தமனியின் அழுத்தம் விழுந்தது, ரத்த ஓட்டம் நின்றது. அதாவது பிடி சரியாக விழுந்தால் சாவு வேகமானதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பிடி சரியாக விழ வேண்டுமே. தொட்டிக்குள் பாம்பு பின்னங்காலைப் பிடிப்பதும், இடுப்போடு சுற்றிக்கொண்டு எலியின் தலை வெளியே இருப்பதும் அடிக்கடி நடப்பவை. அப்போது எலியும் வதைபடும், பாம்பின் முகமும் கண்ணும் அதன் பல்லுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதற்கு முந்தைய நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பாம்பின் வாடையோடு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் எலி ‘சத்தமே போடவில்லை, பயமே இல்லை போல’ என்று சொல்வார்கள். வளர்ந்த எலி ஆபத்தில் எழுப்பும் எச்சரிக்கை ஒலி சுமார் 22 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது அதிகபட்சம் 20 வரைதான் கேட்கும். அது கத்திக்கொண்டே இருந்திருக்கலாம், நமக்குக் கேட்டிருக்காது.

இது தெரிந்த பிறகு அந்த ‘அமைதி’ என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரி 6

கேட்டவருக்கு உதவாமல் தத்துவம் பேசிக்கொண்டிருந்தால் சரியில்லை. பாம்பு ஏன் இரை எடுக்கவில்லை என்று பார்ப்போம். எலி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது இந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

வெப்பம் முதலில். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள். பாம்பு படுக்கும் தரையில் உணர்முனை வைத்த டிஜிட்டல் மீட்டர் வேண்டும், சூட்டுப் பலகைக்கு வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். வெப்பம் குறைந்தால் செரிக்காது, செரிக்காது என்றால் அது தின்னவும் தின்னாது. அப்புறம் மறைவிடம். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, உடம்பு நான்கு பக்கமும் உரசும் அளவுக்கு இறுக்கமாக. பெரிய வெட்டவெளித் தொட்டியில் பட்டினி கிடந்த பைத்தான் மறைவிடம் கிடைத்த வாரத்திலேயே தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

கண் நீலம் பூத்தாற்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடியட்டும். புதிதாக வீட்டுக்கு வந்த பாம்பு என்றால் ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள். வளர்ந்த ஆண் பைத்தான்கள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும், அது நோயும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

முக்கியமானது எடை. சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு முறை கிராமை எழுதுங்கள். மூன்று மாதம் தின்னாமல் எடை அப்படியே இருக்கும் பாம்பை நினைத்து நான் கவலைப்பட மாட்டேன். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் போங்கள். இந்த எண்ணை எழுதி வைக்காமல் ‘மெலிந்த மாதிரி இருக்கிறது’ என்ற பதற்றத்தில்தான் பாதிப் பேர் உயிருள்ள எலியிடம் போகிறார்கள்.

பிப்ரவரி 7

எலியை எப்படிச் சூடாக்குகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ‘வெளியே எடுத்து வைத்தால் பனி உருகிவிடும், அப்படியே கொடுப்பேன்’ என்கிறார். மறுப்புக்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். வெப்பத்தை உணரும் உறுப்புகள் அவை. இருட்டில் அது எலியை ‘பார்ப்பது’ பெரும்பாலும் அவற்றால்தான். அறை வெப்பத்தில் இருக்கும் எலி அந்தக் குழிகளுக்கு அகப்படாது. நாக்கு வாசனையை எடுத்துக்கொண்டு போய் எலி என்கிறது, உதட்டுக் குழி இங்கே ஒன்றுமே இல்லை என்கிறது. தலையைத் திருப்பிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

நான் செய்வது இதுதான். முந்தைய இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். மறுநாள் மாலை, மூடிய பையோடு வெந்நீரில் போடுவேன். கை பொறுக்கும் சூடு போதும். வயிற்றை அழுத்திப் பார்த்தால் உள்ளே கட்டி எதுவும் தட்டக் கூடாது. தோலின் மேல் 38 முதல் 40 டிகிரி வந்ததும் துடைத்து உலர்த்தி, கடைசியாகத் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குவேன், பாய்ச்சல் அங்கே விழ வேண்டும் என்பதற்காக. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வெந்து மறு பக்கம் உறைந்தே இருக்கும், வயிறும் வெடிக்கும். ஒரு முறை உருகியதைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது.

விளக்கை அணைத்துவிட்டு, நீளமான இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, மறைவிடத்தின் வாசலுக்குக் குறுக்கே மெல்ல நகர்த்துங்கள். மூஞ்சிக்கு நேரே குத்துவது போல் நீட்டினால் பயந்து பின்வாங்கும்.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

எவ்வளவு பெரிய எலி? பாம்பின் உடம்பு மிக அகலமாக இருக்கும் இடத்தின் அளவு. அவர் முதலில் விட நினைத்த ‘பெரிய எலி’ அதைவிடப் பெரியது என்று படத்தைப் பார்த்ததும் தெரிகிறது.

பிப்ரவரி 9

‘அசைத்துக் காட்டினால் பாம்பு ஏமாறுமா’ என்ற கேள்விக்கு. ஏமாறும், அதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 2012இல் வந்த ஆய்வில் செத்த எலிகளுக்குள் துடிக்கும் செயற்கை இதயத்தை வைத்து போவாக்களிடம் கொடுத்தார்கள். இதயம் துடித்துக்கொண்டே இருந்தபோது பாம்புகள் அதிக நேரம் இறுக்கின. துடிப்பை நிறுத்தியதும் சற்று நேரத்தில் விட்டுவிட்டன. இறந்த இரை, உயிருள்ள இரை என்ற பாகுபாட்டைப் பாம்பு இப்படித்தான் உணர்கிறது: சூடு, அசைவு, துடிப்பு. முதல் இரண்டை நாமே கொடுத்துவிடலாம். அது கவ்வியதும் இடுக்கியை உடனே விட்டுவிடாமல் இரண்டு மூன்று முறை லேசாக இழுங்கள், பிடியை இறுக்கிக்கொள்ளும்.

அப்படியும் எடுக்காவிட்டால் வாசனை. எலிக்கூண்டில் கிடந்த பழைய மரத்தூளில் புரட்டிக் கொடுக்கலாம். சுண்டெலி தின்றே வளர்ந்த பைத்தான் பெரிய எலியை எலி என்றே ஏற்றுக்கொள்ளாது, அதற்குச் சுண்டெலியை உரசி வாசனை ஏற்றலாம். சிலர் மண்டையை ஊசியால் குத்தி மூளைச் சாறு கசிய விடுவார்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பிடிவாதக்காரப் பாம்பிடம் பலிக்கிறது.

பிப்ரவரி 10

வீட்டில் பொறியில் சிக்கும் எலியைக் கொடுக்கலாமா என்று ஒருவர். கூடவே கூடாது. எலி விஷத்தில் பெரும்பாலானவை ரத்தம் உறையாமல் செய்து சில நாட்கள் கழித்தே கொல்பவை. விஷம் தின்ற எலி அதுவரை நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது பாம்பின் வயிற்றுக்குப் போனால் விஷமும் போகும். ஒட்டுண்ணி வேறு.

பிப்ரவரி 12

‘அப்படியானால் எந்த நிலையிலும் உயிருள்ள இரை கூடாதா?’ என்று கேட்டு இரண்டு மூன்று பேர் மடக்கியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். என்றைக்குமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் பாம்பு, முதல் சட்டை உரித்துப் பல வாரங்களாகியும் எதையும் தொடவில்லை, எடை இறங்குகிறது. காட்டில் பிடிபட்டு வந்த பாம்பு, செத்த எலியை இரை என்றே அடையாளம் காணவில்லை. மருத்துவரும் பார்த்துவிட்டார், வெப்பம் சரி, மறைவிடம் சரி, எல்லாம் செய்தாயிற்று. இந்த இடத்தில் பாம்பைப் பட்டினியில் சாக விடுவது எந்த வகையிலும் கருணை ஆகாது. நானும் கொடுப்பேன், கொடுத்தும் இருக்கிறேன்.

எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண் திறக்காத, பல் முளைக்காத பிங்கி (பிறந்த எலிக்குஞ்சு) என்றால் பாம்புக்கு ஆபத்து இல்லை. வளர்ந்ததைக் கொடுக்க வேண்டியிருந்தால், தேவையான அளவில் மிகச் சிறியது, அதுவும் நீங்கள் இடுக்கியோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். எலி முன்கூட்டியே தின்று, தண்ணீர் குடித்திருக்க வேண்டும். பாம்பு கால் மணி நேரத்தில் ஆர்வம் காட்டவில்லை என்றால் எலியை வெளியே எடுத்துவிடுங்கள், அதே நாளில் மறுபடி விடாதீர்கள். கடைசி வரை உட்கார்ந்து பார்க்க மனம் வராதவர் உயிருள்ள இரையை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கும் ஃப்ரீசர் எலிக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது: அப்போதே கொன்றது. உடம்புச் சூடும் வாசனையும் அப்படியே இருக்கும், கடிக்காது. உயிருள்ளதிலிருந்து அப்போதே கொன்றதற்கு, அதிலிருந்து உருக்கியதற்கு என்று சில வேளைகளில் பாம்பை மாற்றிவிடலாம். கொல்வதைத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கரியமில வாயு என்றால் பெட்டியில் மெல்ல மெல்ல நிரப்ப வேண்டும், பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு அது சரிவராது, அவை ஆக்சிஜன் இல்லாமலேயே நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். உயிரோடு ஃப்ரீசரில் போடுவதைச் சிலர் ‘வலிக்காது’ என்கிறார்கள். நம்பாதீர்கள், அது வதைதான்.

பிப்ரவரி 13

இரண்டு பக்கமும் சுற்றும் கதைகளில் ஒவ்வொன்று.

உயிருள்ள இரை தின்ற பாம்பு முரடாகிவிடும், உங்களையும் கடிக்கும் என்கிறார்கள். இரைக்குப் பாய்வதும் பயத்தில் கடிப்பதும் வேறு வேறு. செத்த எலி தின்னும் பாம்பும் கையில் எலி வாடை அடித்தால் பாயும். என் பக்கத்து வாதத்துக்கு உதவும் என்பதற்காக இதை நான் பயன்படுத்த மாட்டேன்.

இரை கொடுக்கத் தனி டப்பாவுக்கு மாற்ற வேண்டும் என்பது மற்றது. பதுங்கிப் பழகிய பாம்பைத் தூக்கி வெட்ட வெளிச்சத்தில் வைத்தால் பாதிப் பசி போய்விடும். அதன் மறைவிடத்திலேயே கொடுங்கள்.

பிப்ரவரி 13, இரவு

எலியை விட்டு, சுற்றி நின்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் பற்றி ஒருவர் கேட்டார். இரை எடுப்பது பாம்பு தன்னை மிகவும் மறந்திருக்கும் நேரம், வாய் அடைத்திருக்கும், தப்பவும் முடியாது, காக்கவும் முடியாது. அப்போது விளக்கும் கூச்சலும் வைப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எலியின் சாவு இன்னொரு உயிருக்குச் சாப்பாடு என்பதால்தான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன். வேடிக்கைக்காக என்றால் பொறுக்க முடியாது.

பிப்ரவரி 17

எலியே வேண்டாம், வேறு பாம்பு உண்டா? சைவப் பாம்பு கிடையாது. ஆப்பிரிக்க முட்டைத் தின்னிப் பாம்பு பறவை முட்டையை மட்டுமே விழுங்கும், ஓட்டை உள்ளேயே நொறுக்கித் துப்பிவிடும். ஆனால் குட்டிக்கு அதன் வாய்க்கேற்ற மிகச் சிறிய முட்டைகள் கிடைக்க வேண்டும், கோழி முட்டையெல்லாம் பெரிய பாம்புக்கே கஷ்டம். கார்ட்டர் பாம்பு மீனும் மண்புழுவும் தின்னும். அங்கேயும் உயிருள்ள தங்கமீனைத் தண்ணீர்த் தொட்டியில் விடுகிற பழக்கம் இருக்கிறது. தங்கமீனில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயாமினேஸ் இருக்கிறது. அதையே தின்ற பாம்புக்கு நாளடைவில் வலிப்பு வரும். உறைய வைத்தாலும் அந்த நொதி போகாது, ஆகவே மீனைத்தான் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 20

கேட்டவரிடமிருந்து செய்தி: சூடான பக்கத்தை அளந்தால் 27 டிகிரிதான் இருந்ததாம். சரிசெய்து, மறைவிடத்தை மாற்றி, தலையைச் சூடாக்கி, சின்ன எலியாகக் கொடுத்திருக்கிறார். முதல் முறை எடுக்கவில்லை. நேற்று கவ்விச் சுற்றியிருக்கிறது. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இனி 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். இரை எடுத்த பாம்பின் உடம்புக்குள் பெரிய வேலை நடக்கிறது. பர்மிய மலைப்பாம்பில் அளந்தபோது, தின்ற இரண்டு நாளில் இதயத்தின் கீழறையே சுமார் 40 சதவீதம் பெருத்திருந்தது. அந்த நேரத்தில் தூக்கிக் கொஞ்சினால் கக்கிவிடும். கக்கினால் பதறி உடனே இன்னொன்று கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும், பிறகு பாதி அளவு எலி. இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்.

பிப்ரவரி 21

ஃப்ரீசர் எலி சுத்தமானது என்று யாரோ எழுதியதற்கு மட்டும் ஒரு சேர்க்கை. உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் பல சாகும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி சாகாது. அமெரிக்காவில் 2010இலும் 2014இலும் உறைந்த எலிகள் வழியாக மனிதர்களுக்கு சால்மொனெல்லா பரவியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. வீட்டுச் சாப்பாடு இருக்கும் ஃப்ரீசரில் எலியைத் திறந்து வைக்காதீர்கள், மூடி போட்ட தனி டப்பா வேண்டும். உருக்கும் பாத்திரமும் இடுக்கியும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எலியையும் பாம்பையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக வாங்கி வருடக்கணக்கில் வைப்பதும் நல்லதில்லை, வைட்டமின் ஈ குறைந்துகொண்டே போகும். நான் ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. பையின் மேல் தேதி எழுதிவிடுங்கள், பழையது முதலில் போகட்டும்.